தொண்டை வலிக்கிறது என்று பள்ளிப் பிள்ளை சொன்னால்

பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பிள்ளைகளைப் பரிசோதிக்கும் நடமாடும் மருத்துவக் குழுவில் நான் செவிலியர். அதற்கு முன் ஓர் அரசு மருத்துவமனையின் குழந்தைகள் வார்டில் வேலை பார்த்தேன். வரிசையில் நிற்கும் பிள்ளைகளை ஒவ்வொருவராக அழைத்து, டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்ப்பதும், வாசலில் காத்திருக்கும் அம்மாக்களோடும் பாட்டிகளோடும் பேசுவதும் என் அன்றாட வேலை. தொண்டை வலி விஷயத்தில் வீடுகளில் இரண்டு காரியங்கள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. வலி என்று சொன்ன முதல் நாள் இரவே மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். உண்மையிலேயே ஆன்டிபயாடிக் தேவைப்பட்ட பிள்ளைக்கோ, காய்ச்சல் விட்டதும் நான்காம் நாளே நிறுத்திவிடுகிறார்கள். முதலாவது பெரும்பாலும் வீண் செலவு, வயிற்றுப்போக்கு என்று போய்விடும். இரண்டாவது இதயம் வரைக்கும் போகக்கூடியது. பெற்றோர் வீட்டிலேயே என்ன பார்க்கலாம், என்ன செய்யலாம், எப்போது மருத்துவரிடம் ஓட வேண்டும் என்பதை நான் நேரில் சொல்வதுபோலவே இங்கே எழுதுகிறேன்.

அடிப்படையான ஒரு கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். பள்ளி வயதில் வரும் தொண்டை வலியில் ஏறக்குறைய பத்தில் ஏழு, சளிக் காய்ச்சல் உண்டாக்கும் வைரஸ்களால் வருபவை. அவை தாமாகவே ஆறும்; ஆன்டிபயாடிக் அவற்றை ஒன்றும் செய்யாது. மிச்சத்தில் பெரும்பகுதி குரூப் ஏ ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவின் வேலை. வார்டில் சுருக்கமாக 'ஸ்ட்ரெப்' என்போம். 5 முதல் 15 வயது வரை உள்ளவர்களைத்தான் அது அதிகம் பிடிக்கும். மூன்று வயதுக்குக் கீழே அபூர்வம்.

முதலில் கேளுங்கள், பிறகு பாருங்கள்

ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் தொண்டையைத் தொட்டுக் காட்டி வலிக்கிறது என்று சொல்வது குறைவு. சாப்பாட்டு டப்பா அப்படியே திரும்பி வரும். இட்லியை வாயில் வைத்துக்கொண்டு மென்றுகொண்டே இருப்பார்கள். தண்ணீர் குடிக்கும்போது கண்ணை இறுக்கி மூடுவார்கள். சிலர் வயிறு வலிக்கிறது என்றுதான் சொல்வார்கள். ஸ்ட்ரெப் வந்த பிள்ளைக்கு வயிற்று வலியும் வாந்தியும் தலைவலியும் வருவது சகஜம் என்பதால் அதைப் பள்ளிக்குப் போகாமலிருக்கச் சொல்லும் சாக்கு என்று தள்ளிவிடாதீர்கள்.

கேட்க வேண்டியவை இவை. வலி எப்போது தொடங்கியது? மெதுவாக ஏறியதா, காலையில் ஓடி விளையாடிய பிள்ளை சாயங்காலம் திடீரென்று காய்ச்சலோடு படுத்துவிட்டதா? மூக்கு ஒழுகுகிறதா? இருமல் உண்டா? குரல் கம்மியிருக்கிறதா? வகுப்பில் பக்கத்தில் உட்காரும் பிள்ளை யாராவது லீவு போட்டிருக்கிறார்களா? கடைசிக் கேள்விக்குப் பிள்ளைகள் துல்லியமாகப் பதில் சொல்வார்கள்.

தொண்டையைப் பார்ப்பதற்குப் பகல் வெளிச்சம்தான் நல்லது. பிள்ளையை ஜன்னலைப் பார்க்க உட்காரவைத்து, செல்போன் டார்ச்சைச் சற்றுத் தள்ளிப் பிடியுங்கள். கண்ணில் அடித்தால் தலையைத் திருப்பிவிடும். நாக்கை நன்றாக வெளியே நீட்டச் சொல்லி, "ஆ" என்று நீட்டிச் சொல்லச் சொல்லுங்கள். அப்படியும் தெரியவில்லையென்றால் வாயாலேயே மூச்சை இழுத்து விடச் சொல்லுங்கள். நாக்கின் அடிப்பகுதி தானே தாழும். கரண்டிக் காம்பை உள்ளே விட்டு அழுத்த வேண்டாம். குமட்டல் வந்த பிள்ளை அடுத்த முறை வாயைத் திறக்கவே திறக்காது. இரண்டு விநாடி தெரிந்தாலே போதும். எச்சிலை விழுங்க முடியாமல் ஒழுகவிடுகிற பிள்ளை, மூச்சு இழுக்கும்போது சத்தம் வருகிற பிள்ளை என்றால் வாயைத் திறக்கச் சொல்லவே சொல்லாதீர்கள். அப்படியே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று. உள்நாக்கு நடுவில் நேராகத் தொங்குகிறதா? அதன் இரு பக்கமும் உள்ள டான்சில்கள் சிவந்து, வீங்கி, மேலே வெள்ளையாகவோ மஞ்சளாகவோ திட்டு படிந்திருக்கிறதா? மேல் அண்ணத்தின் பின்பகுதியில் குண்டூசி முனை அளவில் சிவப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா? டான்சில் பெரிதாக இருக்கிறதே என்று மட்டும் பயப்பட வேண்டாம். நான்கு முதல் எட்டு வயது வரை அது இயல்பாகவே பெரிதாகத்தான் இருக்கும். பிள்ளை நன்றாக இருக்கும் ஒரு நாளில் பார்த்து வைத்துக்கொண்டால் வித்தியாசம் தெரியும். வீட்டுக்கு வீடு நான் சொல்லிவருவது இதுதான்: நோய் வராத நாளில் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

அடுத்து கழுத்து. பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்து, இரண்டு கை விரல் நுனிகளாலும் தாடை எலும்பின் கோணத்துக்குக் கீழே ஒரே நேரத்தில் மெல்லத் தடவுங்கள். நெறி கட்டியிருந்தால் கோலிக்குண்டு அளவில் உருளும். தொட்டதும் பிள்ளை முகத்தைச் சுளிக்கிறதா என்பதுதான் முக்கியம். வலிக்காத சிறு நெறிகள் சளிப் பிள்ளைகள் பலருக்கும் மாதக்கணக்கில் இருக்கும்.

எது எந்தப் பக்கம் சாய்கிறது

மூக்கு ஒழுகுகிறது, இருமுகிறது, குரல் கரகரக்கிறது, கண் சிவந்திருக்கிறது, கூடவே வயிற்றுப்போக்கும் இருக்கிறது என்றால் வைரஸ் என்று வைத்துக்கொள்ளலாம். வாய்க்குள் கொப்புளமும் புண்ணும் இருந்தாலும் அப்படியே. மாறாக, திடீரென்று 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், இருமலே இல்லை, டான்சிலில் வெள்ளைத் திட்டு, தொட்டால் வலிக்கும் நெறி, இந்த நான்கும் சேர்ந்து வந்தால் ஸ்ட்ரெப்பைச் சந்தேகிக்க வேண்டும். கழுத்தில், மார்பில், அக்குளில் பொடிப் பொடியாகச் சிவந்து, தடவினால் உப்புத்தாள் போலச் சொரசொரக்கும் தடிப்பு வந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். மாநிறமும் கறுப்புமான நம் பிள்ளைகளின் தோலில் சிவப்பு சட்டென்று தெரியாது. கையால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வெள்ளைத் திட்டு தெரிந்துவிட்டதாலேயே அது பாக்டீரியா ஆகிவிடாது. வைரஸ்களும் அதே திட்டை உண்டாக்கும். மேலே சொன்ன நான்கும் இருக்கிற பிள்ளைகளில்கூட ஏறத்தாழ பாதிப் பேருக்குத்தான் பரிசோதனையில் ஸ்ட்ரெப் வருகிறது. கண்ணால் பார்த்து யாராலும் முடிவு கட்ட முடியாது, மருத்துவர் உட்பட. தொண்டையில் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்துப் பரிசோதிப்பது அதற்காகத்தான். உடனடி முடிவு தரும் பரிசோதனை எல்லா ஊர்களிலும் கிடைப்பதில்லை. கிருமியை வளரவிட்டுப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு ஒன்று அல்லது இரண்டு நாள் ஆகும்.

அந்த இரண்டு நாள் காத்திருக்கலாமா என்று பதறுவார்கள். தாராளமாகக் காத்திருக்கலாம். 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், வாரன் விமானப்படைத் தளத்தில் தொண்டை வலி வந்த படைவீரர்களிடம் சார்லஸ் ராமெல்காம்ப் குழுவினர் ஆய்வு நடத்தினார்கள். பென்சிலின் கொடுத்தால் பின்னால் வந்து இதய வால்வைத் தாக்கும் ருமாட்டிக் காய்ச்சல் தடுக்கப்படுகிறது என்று உலகத்துக்கு முதலில் காட்டியவை அந்த ஆய்வுகள். நோய் தொடங்கி ஒன்பது நாள் கழித்து மருந்தைத் தொடங்கினாலும் பாதுகாப்பு கிடைக்கிறது என்பதையும் அவர்களே கண்டார்கள். ஆகவே முதல் நாள் இரவு பதினொரு மணிக்கு மருந்துக் கடைக் கதவைத் தட்டுவதில் பிள்ளைக்கு எந்த லாபமும் இல்லை.

வேறு சில நோய்களும் தொண்டை வலி என்ற பெயரில் வரும். பொன்னுக்கு வீங்கியில் வீக்கம் காதுக்கு முன்னும் கீழும் வரும். காது மடல் வெளியே தள்ளப்படும். தாடையின் கோணம் மறைந்துவிடும். நெறிக்கட்டில் தாடை எலும்பு கைக்குத் தட்டுப்படும். அந்தப் பிள்ளையை வீக்கம் தொடங்கியதிலிருந்து ஐந்து நாளாவது பள்ளிக்கு அனுப்பக் கூடாது. தொண்டைக்குள் புண்ணும், உள்ளங்கை உள்ளங்காலில் கொப்புளமும் சேர்ந்து வந்தால் அது தக்காளிக் காய்ச்சல் என்று ஊரில் சொல்கிற வைரஸ் நோய். ஒரு வாரம் பத்து நாளில் போய்விடும். காலையில் எழுந்ததும் மட்டும் தொண்டை வறண்டு வலித்து, பல் துலக்கித் தண்ணீர் குடித்ததும் சரியாகிவிட்டால், பிள்ளை மூக்கடைப்பால் வாய் வழியே மூச்சு விட்டுத் தூங்குகிறது என்று அர்த்தம். வைத்தியம் மூக்குக்குத்தான் தேவை.

தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) இன்றும் அழிந்துவிடவில்லை. டான்சிலின் மேல் சாம்பல் நிறத்தில் தோல் போல ஒட்டிய படலம், கழுத்து முழுவதும் வீக்கம், மூச்சுத் திணறல் ஆகியவை அதன் அடையாளம். படலத்தைச் சுரண்டினால் ரத்தம் வரும். நீங்கள் சுரண்டிப் பார்க்க வேண்டாம். பிள்ளையின் தடுப்பூசி அட்டையை எடுத்து, ஒன்றரை வயதிலும் ஐந்து வயதிலும் பூஸ்டர் போட்டிருக்கிறதா, 10 வயதிலும் 16 வயதிலும் டிடி (Td) ஊசி போட்டார்களா என்று இன்றைக்கே பாருங்கள். பள்ளிக்கு ஊசி போட வரும் நாளில் அழும் பிள்ளையை லீவு போடவைத்து வீட்டில் ஒளித்து வைக்கிற அம்மாக்களை நான் பார்க்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

உடனே கிளம்ப வேண்டிய நேரம்

எச்சில்கூட விழுங்க முடியாமல் வாயோரம் ஒழுகுகிறது. மூச்சு இழுக்கும்போது சத்தம் வருகிறது, அல்லது விலா எலும்புகளுக்கு நடுவே சதை உள்ளே இழுக்கிறது. வாயை இரண்டு விரல் அளவுகூடத் திறக்க முடியவில்லை. வலி ஒரே பக்கம். உள்நாக்கு ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கிறது. வாயில் எதையோ அடக்கிக்கொண்டு பேசுவதுபோல் குரல் மாறியிருக்கிறது. இந்தக் கடைசி நான்கும் டான்சிலுக்குப் பின்னால் சீழ் கட்டியதன் அறிகுறிகள். கழுத்தை அசைக்க முடியவில்லை. எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை. எழுப்பினால் சரியாக விழிக்காமல் சோர்ந்து கிடக்கிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐ அழையுங்கள், அல்லது கிடைத்த வண்டியில் குழந்தைகள் பிரிவு உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். இரவா பகலா என்று பார்க்க வேண்டாம்.

அவசரமில்லாவிட்டாலும், காய்ச்சல் மூன்றாம் நாளும் விடாமல் இருந்தால், மேலே சொன்ன ஸ்ட்ரெப் அடையாளங்கள் இருந்தால், அல்லது வீட்டில் யாருக்காவது ருமாட்டிக் இதய நோய் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

வீட்டில் செய்யக்கூடியவை

வலியைக் குறைத்தால்தான் பிள்ளை தண்ணீர் குடிக்கும்; தண்ணீர் குடித்தால்தான் தேறும். எனவே பாரசிட்டமால் கொடுப்பதில் தயங்காதீர்கள். அளவில்தான் கவனம் வேண்டும். பாரசிட்டமால் சிரப் நம் கடைகளில் இரண்டு வீரியத்தில் கிடைக்கிறது. ஒன்றில் 5 மில்லியில் 120 அல்லது 125 மில்லிகிராம், இன்னொன்றில் அதே 5 மில்லியில் 250 மில்லிகிராம். கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்து இவை இரண்டையும் விட வீரியமானது. போன தடவை ஒரு மூடி கொடுத்தோம், இந்தத் தடவையும் ஒரு மூடி என்று கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தால், பாட்டில் மாறியிருக்கும்போது அளவு இரட்டிப்பாகிவிடும். வயதைவிட எடைதான் கணக்கு: கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 20 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 200 முதல் 300. அதாவது 250 என்று அச்சிட்ட பாட்டிலில் 5 மில்லி, 120 என்று அச்சிட்ட பாட்டிலில் 10 மில்லி. ஆறு மணி நேர இடைவெளி விட்டு, ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேல் போகக் கூடாது. சமையலறைக் கரண்டியால் அளக்காதீர்கள். பாட்டிலோடு வரும் கோடு போட்ட மூடியைப் பயன்படுத்துங்கள். சளிக்கென்று விற்கும் கலப்பு சிரப்புகள் பலவற்றில் ஏற்கெனவே பாரசிட்டமால் இருக்கும் என்பதால் இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது ஆபத்து.

ஆஸ்பிரின் பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம். மழைக்காலத்தில், முக்கியமாக ஐப்பசி கார்த்திகையில், டெங்கு நடமாடும்போது இபுபுரூஃபென், மெஃபனமிக் ஆசிட் கலந்த மருந்துகளை மருத்துவர் சொல்லாமல் கொடுக்காதீர்கள். டெங்குவாக இருந்துவிட்டால் அவை ரத்தக் கசிவுக்கு வழிவகுக்கும்.

உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பது ஆறு வயதுக்கு மேல் நல்ல பலன் தரும். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு. முதலில் வெறும் தண்ணீரில் பழக்குங்கள். அண்ணாந்து "கர கர" என்று சத்தம் எழுப்பித் துப்பத் தெரிந்த பிறகு உப்பு சேருங்கள். பாட்டி வைத்தியத்தை நான் ஒருபோதும் குறை சொல்வதில்லை. பனங்கற்கண்டு போட்ட மிளகுப் பால், சுக்கு மல்லிக் காப்பி, கற்பூரவல்லிச் சாறு, தூதுவளை ரசம், தேன், எல்லாமே தொண்டைக்கு இதம் தருபவை. நானும் வீட்டில் அவற்றைத்தான் கொடுக்கிறேன். அவை இதம் தருபவை என்பதையும் ஸ்ட்ரெப்பைக் கொல்பவை அல்ல என்பதையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வயது ஆகாத தம்பி தங்கை வீட்டில் இருந்தால் அந்தத் தேன் கரண்டி அந்தப் பக்கம் போகக் கூடாது. கைக்குழந்தைக்குத் தேனால் கொடிய நோய் வரலாம்.

சாப்பாட்டில் காரமும் புளிப்பும் மொறுமொறுப்பும் குறையட்டும். குழைந்த ரசம் சாதம், அரிசிக் கஞ்சி, பாலில் ஊறவைத்த இட்லி, தயிர் சாதம் எல்லாம் கொடுக்கலாம். குளிர்ந்தது எதையும் தொடக் கூடாது என்று விதி ஒன்றும் இல்லை. மோரோ ஐஸ்கிரீமோதான் இறங்குகிறது என்றால் கொடுங்கள். தொண்டை வலி கிருமியால் வந்தது. ஐஸ் அதை உண்டாக்குவதில்லை. இரண்டு நாள் சாப்பாடு குறைந்தால் பரவாயில்லை. தண்ணீர், இளநீர், கஞ்சித் தண்ணீர் மட்டும் குறையவே கூடாது.

செய்யக் கூடாதவை இரண்டு உண்டு, அவற்றைக் கண்டால் எனக்குக் கோபமே வருகிறது. சுண்ணாம்பையும் தேனையும் குழைத்துக் கழுத்தில் பற்றுப் போடுவது ஒன்று. பிள்ளையின் கழுத்துத் தோல் வெந்து, சட்டைக் காலர் பட்டாலே துடிக்கும் நிலையில் பள்ளிக்கு வந்ததைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, தொக்கம் எடுப்பவரிடம் கூட்டிப்போய்த் தொண்டைக்குள் விரல் விடச் செய்வது. வீங்கிய டான்சிலில் நகம் பட்டு ரத்தம் வரும். சீழ் கட்டியிருந்தால் அது உடைந்து மூச்சுக் குழாய்க்குள் போகும். உள்நாக்கு யாருக்கும் விழுந்துவிடுவதில்லை. வீக்கம் வடிந்தால் தானே பழைய நிலைக்கு வரும்.

ஆன்டிபயாடிக் என்றால் பத்து நாள்

ஸ்ட்ரெப் என்று மருத்துவர் முடிவு செய்துவிட்டால், பெரும்பாலும் அமாக்சிசிலின் அல்லது பென்சிலின் எழுதுவார். இந்தக் கிருமி பென்சிலினை எதிர்த்து நிற்க இன்றுவரை கற்றுக்கொள்ளவில்லை. விலை மலிவு என்பதால் அதைச் சாதாரண மருந்து என்று நினைக்காதீர்கள். பென்சிலின் ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கு வேறு மருந்து உண்டு. முன்பு எந்த மருந்துக்காவது தடிப்போ உதடு வீக்கமோ வந்திருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கடையில் நீங்களாக வாங்கும் மூன்று நாள் அஜித்ரோமைசின் இதற்கு மாற்று ஆகாது. அளவும் நாளும் பொருந்தாது. போதாததற்கு, அந்த மருந்துக்கு அடங்காத ஸ்ட்ரெப் கிருமிகளும் இருக்கின்றன.

பெற்றோரை ஏமாற்றுவது எது தெரியுமா? ஸ்ட்ரெப் காய்ச்சல், மருந்தே கொடுக்காவிட்டாலும் மூன்று முதல் ஐந்து நாளில் விட்டுவிடும். தொண்டை வலியும் ஒரு வாரத்தில் அடங்கிவிடும். மருந்து கொடுத்தால் ஒரு நாள் முன்னதாகப் போகும், அவ்வளவுதான். ஆகவே பிள்ளை எழுந்து விளையாடுவதை வைத்து மருந்தின் வேலை முடிந்தது என்று கணக்குப் போட முடியாது. தொண்டையில் ஒளிந்திருக்கும் மிச்சக் கிருமியையும் ஒழிக்கத்தான் அந்தப் பத்து நாள். ஒழியாவிட்டால், கிருமியை எதிர்த்து உடல் தயாரிக்கும் எதிர்ப்பொருள்கள் சிலருக்கு ஆள் தெரியாமல் சொந்த இதய வால்வையே தாக்கும். இரண்டு மூன்று வாரம் கழித்துத் தொடங்கும் அந்த நோய்தான் ருமாட்டிக் காய்ச்சல்.

ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி. முழங்கால் வலி என்றாள்; அது சரியாகிக் கணுக்கால் வீங்கியது; பிறகு மணிக்கட்டு. வளர்கிற வயது வலி என்று வீட்டில் எண்ணெய் தடவினார்கள். ஒரு மாதம் முன்பு காய்ச்சலும் தொண்டை வலியும் வந்து, மருந்து வாங்கி, மூன்று நாளில் நின்றதாக அம்மா நினைவுபடுத்திச் சொன்னார். எங்கள் மருத்துவர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்ததும் முணுமுணுப்புச் சத்தம் கேட்டது. எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்ததில், இதயத்தின் மைட்ரல் வால்வு கசிந்தது. இப்போது அவளுக்கு 21 நாளுக்கு ஒரு முறை பென்சாத்தின் பென்சிலின் ஊசி. வார்டில் அந்த ஊசியைப் பல பிள்ளைகளுக்கு நானே போட்டிருக்கிறேன். குப்பியில் வெள்ளைப் பொடி. தண்ணீர் ஊற்றிக் குலுக்கினால் கெட்டியான பால் நிறம். தாமதித்தால் ஊசியிலேயே அடைத்துக்கொள்ளும், ஆகவே பருத்த ஊசிதான் வேண்டும். மெதுவாகத்தான் தள்ள முடியும். தள்ளும் நேரம் முழுவதும் பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும். போட்ட பிறகு அன்று முழுவதும் நொண்டும். இதைப் பதின்பருவம் முடியும் வரை போட வேண்டும். வால்வு கெட்டிருந்தால் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள். பத்து நாள் சிரப் கொடுக்கச் சலிப்பாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், எனக்கு இந்தப் பிள்ளைகளின் முகம்தான் நினைவுக்கு வருகிறது.

பத்து நாளை நிறைவு செய்வதற்கு நடைமுறை வழிகள் இருக்கின்றன. முதலாவது, மருந்து வாங்கும்போதே கணக்குப் போடுங்கள். ஆன்டிபயாடிக் சிரப் பொடியாக வரும். காய்ச்சி ஆறிய தண்ணீரைப் பாதி ஊற்றிக் குலுக்கி, பிறகு பாட்டிலில் உள்ள கோடு வரைக்கும் ஊற்றி மறுபடி குலுக்க வேண்டும். வேளைக்கு 10 மில்லி, நாளைக்கு இரண்டு வேளை என்று எழுதியிருந்தால் பத்து நாளைக்கு 200 மில்லி வேண்டும். ஆனால் கடையில் தருவது 30 அல்லது 60 மில்லி பாட்டில். அது மூன்றாம் நாளுக்குள் தீர்ந்துவிடும். பாட்டில் தீர்ந்ததும் மருந்து முடிந்தது என்று நினைப்பதுதான் பாதி வீடுகளில் நடப்பது. எத்தனை பாட்டில் என்று கடைக்காரரிடமே கேட்டு எல்லாவற்றையும் ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள். கலக்கிய மருந்து ஒரு வாரம்தான் தாங்கும். எனவே எல்லாவற்றையும் கலக்கிவிடாமல், ஒன்று தீர்ந்த பிறகு அடுத்ததைக் கலக்குங்கள். ஏழெட்டு வயதுக்கு மேல் தண்ணீரில் கரையும் மாத்திரையைக் கேட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

இரண்டாவது, தினசரி நாட்காட்டியில் பத்தாம் நாள் தாளைத் தேடி, 'இன்றோடு மருந்து முடிகிறது' என்று முதல் நாளே எழுதி வையுங்கள். காலையில் தாள் கிழிக்கும் வீட்டில் அது தப்பாது. இரண்டு வேளை மருந்தென்றால் பள்ளிக்குக் கிளம்பும் முன் ஒன்று, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஒன்று. பள்ளிக்குக் கொடுத்தனுப்பத் தேவையில்லை. வயிறு கொஞ்சம் இளகினால் நிறுத்தாதீர்கள். மோர் கொடுங்கள், அதிகமானால் மருத்துவரிடம் கேளுங்கள். உடல் முழுவதும் தடித்து, உதடு வீங்கி, மூச்சு வாங்கினால் மட்டும் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

பத்து நாள் கொடுக்கவே முடியாத குடும்பங்கள் உண்டு. செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் ஊர் ஊராகப் போகிறவர்களிடம் பத்து நாள் ஒழுங்காக மருந்து கொடுங்கள் என்று சொல்லிவிட்டு வர எனக்கு மனம் வராது. அவர்கள் மருத்துவரிடம் ஒரே தடவை போடும் பென்சிலின் ஊசியைப் பற்றிக் கேட்கலாம். மேலே சொன்ன அதே ஊசிதான். வலிக்கும், ஆனால் ஒரே ஊசியில் வேலை முடிந்துவிடும். அது மருத்துவமனையில், பரிசோதனை ஊசி போட்டுப் பார்த்து, போட்ட பிறகும் அரை மணி நேரம் உட்காரவைத்துக் கவனித்துப் போட வேண்டியது. தெருமுனைக் கடையில் "ஊசி போட்டால்தான் விடும்" என்று கேட்டு வாங்குகிற ஊசி அதுவல்ல.

பள்ளியும் அக்கம்பக்கமும்

ஸ்ட்ரெப் வந்த பிள்ளை ஆன்டிபயாடிக் தொடங்கி 24 மணி நேரம் ஆகி, காய்ச்சலும் விட்டிருந்தால் பள்ளிக்குப் போகலாம். வைரஸ் என்றால் காய்ச்சல் விட்டுச் சாப்பிடத் தொடங்கியதும் போகலாம். பரீட்சைக்காகக் காய்ச்சலோடு அனுப்பாதீர்கள். அடுத்த வாரம் பெஞ்சு முழுவதும் காலியாகும்.

பிள்ளைகளுக்குள் காக்காய்க் கடி கடித்துக் கொடுக்கும் பழக்கம் போகாது. சட்டை நுனியை மிட்டாய் மேல் போட்டுக் கடித்தால் எச்சில் படாது என்று அவர்கள் உறுதியாக நம்புகிறார்கள். நோய் நடமாடும் வாரத்திலாவது ஆளுக்கு ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுங்கள். பாட்டிலில் வாய் வைக்காமல் அண்ணாந்து குடிக்கும் நம் பழைய வழக்கம் அருமையானது. இப்போது உறிஞ்சு குழல் வைத்த பாட்டில்கள் வந்து அதைக் கெடுக்கின்றன. வீட்டில் மற்ற பிள்ளைகளுக்கு இரண்டு முதல் ஐந்து நாளுக்குள் காய்ச்சலோ தொண்டை வலியோ வருகிறதா என்று பாருங்கள். நன்றாக இருக்கும் பிள்ளைக்கு முன்னெச்சரிக்கையாக அதே சிரப்பைக் கொடுக்க வேண்டாம்.

குணமான பிறகு மூன்று வாரம்

தொண்டை சரியான பிறகும் மூன்று வாரம் கண் வைத்திருங்கள். காலையில் கண்ணைச் சுற்றி முகம் ஊதியிருக்கிறதா, சிறுநீர் பழுப்புச் சிவப்பாக, அளவு குறைந்து போகிறதா என்று பாருங்கள். ஸ்ட்ரெப் வந்து பத்து நாள் போலக் கழித்துச் சிறுநீரகத்தில் அழற்சி வரலாம். பெரும்பாலான பிள்ளைகள் முழுமையாகத் தேறிவிடுவார்கள். ஆனால் ரத்த அழுத்தத்தைக் கவனிக்க மருத்துவமனை வேண்டும். மூட்டுக்கு மூட்டு இடம் மாறும் வலி, படியேறினால் மூச்சு வாங்குதல், கை கால் தானாக வெட்டி வெட்டி அசைவது, எழுத்து திடீரென்று கோணலாவது, இவற்றில் எதுவாவது, மூன்று வாரம் கழித்துத் தென்பட்டாலும், இதயப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். கையெழுத்து மாறியதற்காகப் பிள்ளையைத் திட்டும் ஆசிரியர்களுக்கும் இதைச் சொல்லி வருகிறேன்.

டான்சிலை எடுத்துவிடலாமா என்ற கேள்வி எப்போதும் வரும். வருடத்தில் இரண்டு மூன்று முறை வலி வருவதற்காக எடுக்க வேண்டியதில்லை. வளர வளரக் குறையும். ஒரே வருடத்தில் ஏழு முறை, அல்லது அடுத்தடுத்து இரண்டு வருடம் ஐந்தைந்து முறை, அல்லது மூன்று வருடம் மும்மூன்று முறை, காய்ச்சலோடும் நெறியோடும் வந்திருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் பேசலாம். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிற அளவுக்கு டான்சில் பெருத்திருந்தால் எண்ணிக்கையைப் பார்க்காமலே பேசலாம். அவர் முதலில் கேட்பது எத்தனை முறை, எந்தெந்தத் தேதியில் என்பதைத்தான். ஆகவே தடுப்பூசி அட்டையோடு ஒரு சின்ன நோட்டையும் வைத்திருங்கள். ஒவ்வொரு முறையும் தேதி, காய்ச்சல் அளவு, இருமல் இருந்ததா இல்லையா, வெள்ளைத் திட்டு, நெறி, கொடுத்த மருந்தின் பெயர், எத்தனை நாள் கொடுத்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். பழைய மருந்துச் சீட்டுகளையும் அதற்குள்ளேயே மடித்து வையுங்கள்.